பி-22: நெடுஞ்சாலைகளுக்கு நடுவே சிக்கிய ஒரு கூகர்

2023 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கிரீக் தியேட்டரில் ஒரு நினைவுக் கூட்டம் நடந்தது. சுமார் 6,000 பேர் உட்காரக்கூடிய திறந்தவெளி அரங்கம் அது, பெரிய பாடகர்கள் கச்சேரி செய்யும் இடம், அனுமதி இலவசம்தான், ஆனாலும் டிக்கெட் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. மேடையில் அரசியல்வாதிகள், விஞ்ஞானிகள், பழங்குடி மூத்தோர், பாட்டுக்காரர்கள் என்று வரிசையாக வந்து பேசினார்கள், சிலர் அழுதார்கள். செத்துப்போனது ஒரு கூகர், அமெரிக்காவின் பெரிய காட்டுப் பூனை. பெயர்கூடக் கிடையாது, ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த எண்தான்: பி-22. பி என்றால் பூமா, அந்த ஆய்வில் 22-ஆவது விலங்கு, அவ்வளவுதான் விஷயம்.

பத்து வருஷம் அது ஹாலிவுட் எழுத்துகள் நிற்கும் மலையில் வாழ்ந்தது. நகரம் அதை "தனிமை விரும்பி", "பிடிவாதக்காரன்", "பிரம்மச்சாரி" என்றெல்லாம் கொண்டாடியது. என் கருத்து வேறு. அந்த விலங்கின் வாழ்க்கையில் மக்கள் எதையெல்லாம் அதன் குணம் என்று ரசித்தார்களோ, அதெல்லாம் சாலை போட்ட விதத்தால் வந்த வினை. அதைப் புரிந்துகொள்ள முதலில் கூகர் என்ற பிராணியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூமா, மலைச்சிங்கம், கூகர் எல்லாம் ஒன்றுதான். கனடாவின் யூகான் பகுதியிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி ஆண்டஸ் வரை பரவியிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் வேறு எந்தக் காட்டுப் பாலூட்டிக்கும், தரையில் வாழ்பவற்றில், இவ்வளவு நீண்ட எல்லை கிடையாது. பனிமலை, பாலைவனம், சதுப்பு, மழைக்காடு, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும், ஒளிந்துகொள்ள மறைவும் தின்ன மானும் இருந்தால் போதும். மலைச்சிங்கம் என்று பெயர் இருந்தாலும் சிங்கம், புலி கூட்டத்தில் இது சேராது. நெருங்கிய சொந்தம் ஜாகுவாருண்டி என்ற சின்னப் பூனையும், அப்புறம் நம்ப முடியாதபடி சிவிங்கிப்புலியும். கர்ஜிக்கத் தெரியாது, வீட்டுப் பூனை மாதிரி தொண்டைக்குள் குறுகுறுக்கும். குட்டிகள் உடம்பெல்லாம் புள்ளியோடும் நீலக் கண்ணோடும் பிறக்கின்றன, வளர வளர இரண்டும் போய்விடும்.

தாய் மட்டும்தான் வளர்க்கும். ஒன்றரை வயது வாக்கில் குட்டிகள் பிரிந்துபோகும், அதில்தான் இந்தக் கேஸின் முடிச்சு இருக்கிறது. பெண் குட்டி தாயின் இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடலாம், பெரும்பாலும் தங்கும். ஆண் குட்டி கிளம்பியே ஆக வேண்டும். கிளம்பாவிட்டால் அந்த வட்டாரத்தை வைத்திருக்கும் பெரிய ஆண் அதைக் கொன்றுவிடும், அது சொந்த அப்பாவாக இருந்தாலும் சரி. அதனால் இளம் ஆண் கூகர்கள் நடக்கும் தூரம் நம்மை மலைக்க வைக்கும். 2011-இல் கனெக்டிகட் மாநிலத்தில் கார் அடித்து ஒரு கூகர் செத்தது, மரபணுவைப் பார்த்தால் அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் வம்சம். 2,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறது, பெண்ணும் இடமும் தேடி.

இப்போது லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்கே இருக்கும் சாண்டா மோனிகா மலைத்தொடரைப் பாருங்கள். தெற்கே பசிபிக் கடல். வடக்கே 101 நெடுஞ்சாலை. கிழக்கே 405 நெடுஞ்சாலை. மேற்கே விவசாய நிலமும் ஊர்களும். நான்கு பக்கமும் அடைத்த ஒரு தீவு என்றே சொல்லலாம். வளர்ந்த ஆண் கூகர் ஒன்றுக்குச் சராசரியாக 390 சதுர கிலோமீட்டர் வரை வேண்டும், அப்படியானால் இந்தத் தீவில் ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு பெரிய ஆண்களுக்குத்தான் இடம். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 2002-இலிருந்து இங்கே கூகர்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்கிறது. முதலில் மாட்டப்பட்டது பி-1, அந்த மலையின் ராஜா. 2005-இல் தன் ஜோடியான பி-2-வையே அது கொன்றது. அந்த பி-1-தான் பி-22-வின் அப்பா, மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது.

ஆக, சுமார் 2010-இல் பிறந்த ஒரு ஆண் குட்டிக்கு அங்கே இருந்தால் சாவு, வெளியேறினால் நெடுஞ்சாலை. அது கிழக்கே போனது. 405-ஐக் கடந்தது, அப்புறம் 101-ஐயும் கடந்தது. எந்த இடத்தில், எந்த இரவில், பாலத்துக்கு அடியிலா மேலேயா, யாரும் பார்க்கவில்லை. 2012 பிப்ரவரியில், ஹாலிவுட் எழுத்துகள் நிற்கும் அந்த மலையிலுள்ள கிரிஃபித் பூங்காவில் காட்டுயிர் நடமாட்டத்தை ஆராய வைத்திருந்த தானியங்கிக் கேமராவில் அது விழுந்தது. நரியும் மானும், ஓநாயின் சின்ன உறவான கயோட்டியும் வரும் என்று எதிர்பார்த்துப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த உயிரியலாளர் மிகெல் ஓர்டென்யானாவுக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய பூனையின் பின்பக்கம். அடுத்த மாதமே பிடித்து மயக்க மருந்து கொடுத்துப் பட்டை மாட்டி விட்டார்கள்.

கிரிஃபித் பூங்கா சின்ன இடம். சுற்றியிருக்கும் மலைச்சரிவுகளையும் சேர்த்தால் அது சுற்றித் திரிந்தது சுமார் 23 சதுர கிலோமீட்டர். வளர்ந்த ஆண் கூகர்களில் இவ்வளவு சின்ன எல்லை இதற்குமுன் பதிவானதில்லை. வருஷத்துக்கு 1 கோடிப் பேர் வாக்கில் வந்துபோகும் பூங்கா, உள்ளேயே மிருகக்காட்சிசாலை, வானாய்வகம், குதிரை லாயம் எல்லாம் இருக்கின்றன. இந்தக் கூட்டத்துக்கு நடுவே அது பத்து வருஷம் மனிதர் ஒருவர் மேலும் கை வைக்காமல் வாழ்ந்தது. எப்படி என்றால், கூகருக்கு நம்மைக் கண்டால் பயம். சாண்டா குரூஸ் மலையில் ஓர் ஆய்வு செய்தார்கள், கூகர் மானை அடித்து வைத்துத் தின்ன வரும் இடத்தில் ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, மனிதர் பேசும் சத்தத்தைப் போட்டால் என்ன செய்கிறது, தவளைச் சத்தத்தைப் போட்டால் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். தவளையை அது சட்டை செய்யவில்லை. மனிதக் குரல் கேட்டதும் இரையை விட்டுவிட்டு ஓடியது. போட்ட குரல்களில் அரசியல் விவாத வானொலிக்காரர்களின் பேச்சும் உண்டு, அதைக் கேட்டு ஓடியதற்குக் கூகரைக் குறை சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் கூகர் மனிதரைக் கொன்றது உண்டு, 1994-இல் மட்டுமே இரண்டு பெண்கள் இறந்தார்கள், 2024-இல் ஓர் இளைஞர் இறந்தார், ஆனால் அதற்கும் முந்தைய மரணத்துக்கும் இடையில் இருபது வருஷம்.

பூங்காவில் மான் இருந்தது, போட்டிக்கு வேறு ஆண் இல்லை. அதனால்தான் தங்கியது. பெண்ணும் இல்லை. வெளியே போய்த் தேட மறுபடி அதே சாலைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு காதலர் தினத்துக்கும் பத்திரிகைகள் "இந்த வருஷமும் ஜோடி கிடைக்கவில்லை" என்று செல்லமாக எழுதின. ஒரு ஆண் கூகரின் வாழ்க்கைக் கணக்கில் அது பூஜ்யம். தன் மரபணுவை ஒரு குட்டிக்குக்கூடக் கொடுக்காமல் பத்து வருஷம் சாப்பிட்டுத் தூங்கியது, அதைத்தான் நாம் காதல் கதையாக்கினோம்.

பெயர் பரவியது ஒரே ஒரு படத்தால். நேஷனல் ஜியாகிரஃபிக் புகைப்படக்காரர் ஸ்டீவ் வின்டர், இரவில் ஹாலிவுட் எழுத்துகள் பின்னால் ஒளிர, பி-22 முன்னால் நடந்துபோகும் படத்தை எடுத்தார். மாதக்கணக்கில் கேமராப் பொறியை வைத்துக் காத்திருந்து எடுத்த படம், 2013 டிசம்பரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு சுவரோவியங்கள், சட்டைகள், சமூக ஊடகக் கணக்குகள், அக்டோபரில் ஆண்டுதோறும் பி-22 நாள் என்று ஒரு திருவிழா. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றிச் சிறுத்தைகள் குடியிருப்புகளுக்குள் வந்துபோவது நமக்குத் தெரியும், ஆனால் அங்கே ஒரு தனிச் சிறுத்தை இப்படி நட்சத்திரமானதில்லை. எண் கொடுத்துப் பட்டை மாட்டி, தினமும் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்ததும், ஹாலிவுட் என்ற பின்னணியும் சேர்ந்து செய்த வேலை இது.

நட்சத்திரத்தின் நோயும் செய்தியாகும் அல்லவா. 2014 மார்ச்சில் மறுபடி பிடித்தபோது முகமெல்லாம் சொறி, ரோமம் கொட்டி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ரத்தத்தில் எலி மருந்து. இந்த எலி மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை, தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும், அதைக் கயோட்டியோ ரக்கூனோ பிடிக்கும், கயோட்டியைக் கூகர் பிடிக்கும், ஒவ்வொரு படியிலும் விஷம் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். இதே மலைகளில் காட்டுப் பூனைகள் சொறி வந்து கூட்டமாகச் செத்ததற்கும் எலி மருந்துக்கும் தொடர்பு இருப்பது முன்பே தெரிந்திருந்தது. பி-22-க்கு வைட்டமின் கே ஊசியும் சொறிக்கு மருந்தும் போட்டு விட்டார்கள், தேறிவிட்டது. அந்த நோஞ்சான் முகத்தின் படம், பழைய கம்பீரப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டு, சட்டமன்றம் வரை போனது. 2020-இல் கலிஃபோர்னியா இரண்டாம் தலைமுறை எலி மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டைத் தடைசெய்தது. ஆய்வுக் கட்டுரைகள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்த விஷயம்தான், ஒரு சொறி பிடித்த முகம் வந்த பிறகுதான் காதில் ஏறியது.

2015 ஏப்ரலில் லாஸ் ஃபெலிஸ் பகுதியில் ஒரு வீட்டின் தரைக்கு அடியில் இருக்கும் இடுக்கில் அது படுத்திருந்ததை, அங்கே வேலைக்கு வந்த ஆள் பார்த்துவிட்டார். உடனே தொலைக்காட்சி வண்டிகள், ஹெலிகாப்டர், நேரலை. அதிகாரிகள் கம்பால் குத்திப் பார்த்தார்கள், டென்னிஸ் பந்து எறிந்து பார்த்தார்கள், அது அசையவில்லை. கடைசியில் எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு அமைதியாக விட்டதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போய்விட்டது. இந்தச் சம்பவத்தில் புத்தியோடு நடந்துகொண்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2016-இல் நடந்தது அவ்வளவு வேடிக்கையானதல்ல. மிருகக்காட்சிசாலையில் கில்லார்னி என்ற வயதான கோலா கரடி கொல்லப்பட்டது. பி-22 அந்த இரவில் உள்ளே வந்தது கேமராவில் பதிவாகியிருந்தது, கொன்ற காட்சி இல்லை. நகரமன்றத்தில் ஒரு குரல், இதை வேறு காட்டுக்கு மாற்றிவிடலாமே என்றது. கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எந்தக் காட்டில் விட்டாலும் அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய ஆண் இருக்கும், சண்டையில் செத்துவிடும், இல்லாவிட்டால் பழைய இடத்தைத் தேடித் திரும்பி வரும், வழியில் மறுபடி நெடுஞ்சாலை. மிருகக்காட்சிசாலை நிர்வாகம் அதை அகற்றச் சொல்லவில்லை, இரவில் தங்கள் விலங்குகளை உள்ளே அடைக்க ஆரம்பித்தது. எனக்கு இந்தக் கேஸில் மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

இதே மாநிலத்தில் 1907-லிருந்து 1963 வரை கூகரைக் கொன்று கொண்டுவந்தால் அரசே காசு கொடுத்தது. 12,462 கூகர்களுக்குப் பரிசுத்தொகை வழங்கிய கணக்கு இருக்கிறது. ஆட்டுப்பட்டிக்கு எதிரி, மானுக்கு எதிரி, அவ்வளவுதான் அன்றைய மதிப்பு. 1970-களின் தொடக்கத்தில் வேட்டைக்குத் தற்காலிகத் தடை வந்தது, கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். 1990-இல் மக்கள் வாக்கெடுப்பில் 117-ஆவது முன்மொழிவு வென்று, பொழுதுபோக்கு வேட்டை நிரந்தரமாக நின்றது. அறுபது வருஷத்துக்குள் பரிசுத்தொகையிலிருந்து நினைவுக் கூட்டம் வரை வந்திருக்கிறார்கள்.

ஆனால் அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. இன்று மெக்சிகோவில் இருக்கும் பாகா கலிஃபோர்னியாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் போன இயேசு சபைப் பாதிரியார்களின் குறிப்புகளில், அங்கிருந்த மக்கள் கூகரைக் கொல்லவே மாட்டார்கள், கொன்றவன் சீக்கிரம் செத்துப்போவான் என்று நம்பினார்கள் என்று வருகிறது. கழுகு வட்டமிடும் இடத்தைப் பார்த்துப் போய், கூகர் தின்று மீதி வைத்த மானை எடுத்துக்கொள்வார்களாம். கூகர் பெருகி மிஷன் கால்நடைகளைத் தின்ன ஆரம்பித்ததும் பாதிரிகளுக்கு இந்த நம்பிக்கை பெரிய தொல்லையாகிவிட்டது. பட்டினிப் பூமியில் வாழ்ந்த அந்த மக்களின் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது, தனக்கு இறைச்சி விட்டுவைக்கும் வேட்டைக்காரனை எதற்குக் கொல்ல வேண்டும்? நியூ மெக்சிகோவின் ஜூனி மக்களுக்கு மலைச்சிங்கம் வடதிசையின் காவல், கல்லில் செதுக்கி வேட்டைக்கு எடுத்துப்போவார்கள். பெருவில் கஸ்கோ நகரமே பூமா வடிவத்தில் அமைந்தது, சக்சய்வாமன் கோட்டைதான் தலை என்று ஒரு மரபு இருக்கிறது.

பி-22-வின் கடைசி மாதங்களில் அதன் போக்கு மாறியது. 2022 நவம்பரில் ஹாலிவுட் மலைப்பகுதியில் வார் போட்டு நடத்திக்கொண்டு போன சின்ன சிவாவா நாயை, அழைத்துப்போனவரின் கையிலிருந்த வாரோடு இழுத்துக்கொன்றது. அடுத்தடுத்து வேறு நாய்களும் தாக்கப்பட்டன. மனிதரைக் கண்டு ஓடும் விலங்கு மனிதருக்கு இரண்டடி தூரத்தில் வேட்டையாடுகிறது என்றால் ஏதோ தவறு என்று மாநில வனவிலங்குத் துறைக்குப் புரிந்தது. டிசம்பர் 12 அன்று லாஸ் ஃபெலிஸில் ஒரு வீட்டுப் பின்முற்றத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதற்கு முந்திய இரவில் ஒரு வாகனம் கூகரை அடித்ததாகத் தகவலும் வந்திருந்தது.

சான் டியேகோ சஃபாரி பூங்காவில் பரிசோதித்தபோது மண்டை ஓட்டில் முறிவு, வலது கண்ணில் காயம், உதரவிதானம் கிழிந்து வயிற்றின் உள்ளுறுப்புகள் மார்புக்குள் ஏறியிருந்தன. அது விபத்தால் வந்தது. அதுபோக முற்றிய சிறுநீரக நோய், இதய நோய், உடம்பு முழுக்கத் தோல் தொற்று. எடையும் நன்றாகக் குறைந்திருந்தது. 12 வயது என்பது காட்டு ஆண் கூகருக்கு முதுமை. சரணாலயத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள், ஆனால் குணமாக்க வழியில்லாத உடம்பை ஒரு கூண்டில் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது யாருடைய ஆறுதலுக்கு? டிசம்பர் 17 அன்று கருணைக்கொலை செய்தார்கள். ஓட்டியவரைத் தேடவோ குற்றம் சாட்டவோ போவதில்லை என்று துறையின் தலைவர் சொன்னார், காரைக் கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சாலைதான் பிரச்சினை என்ற பொருளில்.

இறந்த பிறகும் கேஸ் முடியவில்லை. உடலை யார் வைத்துக்கொள்வது? லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆராய்ச்சிக்காக வேண்டும் என்று எதிர்பார்த்தது. அந்த வட்டாரப் பழங்குடிகளான சுமாஷ், தடாவியம், டோங்வா மக்கள், இது எங்கள் உறவு, எங்கள் மண்ணில் புதைக்க வேண்டும், பாடம் பண்ணி அலமாரியில் வைக்கக்கூடாது என்றார்கள். எதிர்காலத்துக்காகத் திசு மாதிரிகள் எடுத்து வைப்பதா கூடாதா என்பதிலும் நெடிய பேச்சு நடந்தது. 2023 மார்ச்சில் சாண்டா மோனிகா மலையில், எந்த இடம் என்று வெளியே சொல்லாமல், பழங்குடிச் சடங்கோடு புதைத்தார்கள். விஞ்ஞானத்துக்கு இழப்பு என்று சிலர் முணுமுணுத்தார்கள். உயிரோடு இருந்தபோது பத்து வருஷம் அதன் கழுத்தில் பட்டை மாட்டி எடுத்த தகவல் எல்லாம் விஞ்ஞானத்திடம்தான் இருக்கிறது, உடம்பைக் கேட்டவர்களிடம் கொடுத்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இனி, பாலம். அகூரா ஹில்ஸில் லிபர்ட்டி கேன்யன் என்ற இடத்தில், 101-இன் பத்துத் தடங்களுக்கு மேலே, வாலிஸ் அனென்பர்க் வனவிலங்குக் கடவுப்பாலம் கட்டப்படுகிறது. தினமும் 3 லட்சம் வண்டிக்கு மேல் போகும் சாலை. 2022 ஏப்ரல் 22 அன்று வேலை தொடங்கியது, பி-22 உயிரோடிருந்த கடைசி வருஷம். சுமார் 64 மீட்டர் நீளம், 53 மீட்டர் அகலம், மேலே மண் கொட்டி, அந்த மலையின் சொந்தச் செடிகளையே விதை சேகரித்து நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள், ஒளியும் சத்தமும் ஏறாமல் இருக்கப் பக்கச் சுவர்கள். செலவு 9 கோடி டாலருக்கும் மேல், அதில் 2.5 கோடி அனென்பர்க் அறக்கட்டளை கொடுத்தது. பணம் திரட்டிய தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பின் பெத் பிராட், போன இடமெல்லாம் பி-22-வின் அட்டை உருவத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். லிபர்ட்டி கேன்யன் கிரிஃபித் பூங்காவுக்கு வெகு மேற்கே இருக்கிறது. இந்தப் பாலம் முன்பே இருந்திருந்தாலும், கிழக்கே வந்து மாட்டிக்கொண்ட பி-22-வுக்குப் பெண் துணை கிடைத்திருக்காது. இது மற்ற கூகர்களுக்கான பாலம், சாண்டா மோனிகா தீவை வடக்கே சிமி குன்றுகளோடு இணைப்பது. அங்கே நிலைமை எவ்வளவு மோசம் என்றால், 2009-இல் பி-12 என்ற ஆண் வடக்கிலிருந்து 101-ஐக் கடந்து உள்ளே வந்தது, புது ரத்தம் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் மகிழ்ந்தார்கள், வெளியே போக வழியில்லாததால் பிற்பாடு அது தன் மகளோடே சேர்ந்தது. 2013 அக்டோபரில் இன்னொரு ஆண் வடக்கிலிருந்து இதே லிபர்ட்டி கேன்யனில் சாலையைத் தாண்டிவிட்டது, மறுபக்கத் தடுப்புச் சுவரில் முட்டி, திரும்பி ஓடி, வண்டியில் அடிபட்டது. 2020-இல் பிடித்த பி-81-க்கு வால் நுனி மடங்கியிருந்தது, ஒரு விதை இறங்கவில்லை, இரண்டும் உள்ளுறவுப் பெருக்கத்தின் அடையாளங்கள். இப்படியே போனால் 50 வருஷத்துக்குள் இந்த மலையில் கூகரே இல்லாமல் போகலாம் என்று மாதிரிக் கணக்குகள் சொல்கின்றன.

இதே வியாதி ஃப்ளோரிடாவிலும் வந்தது. அங்கே கூகர் 20, 30 என்று சுருங்கி, வால் மடங்கி, இதயத்தில் குறையோடு குட்டிகள் பிறந்தன. 1995-இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் கூகர்களைக் கொண்டுவந்து விட்டார்கள், எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஆக, மருந்து இருக்கிறது, அதிகமும் வேண்டாம், சில வருஷத்துக்கு ஒன்று புதிதாக உள்ளே வந்தால் போதும். லாரியில் ஏற்றிவந்து விடுவதைவிடத் தானே நடந்து வர வழி செய்வது மலிவா என்று கேட்டால் இல்லை, 9 கோடி டாலர் மலிவில்லை. ஆனால் பாலத்தில் மானும் பல்லியும் கயோட்டியும்கூடப் போகும், லாரியில் போகாது.

2024-இல் கிரிஃபித் பூங்கா ஓரத்தில் வேறொரு கூகரின் காணொளி வெளியானது. உடனே புது பி-22 வந்துவிட்டது என்று கொண்டாட்டம். அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகள் 2012-இல் இருந்தபடியே இருக்கின்றன. லிபர்ட்டி கேன்யன் பாலம் திறந்த பிறகு நான் பார்க்க விரும்புவது அதில் நடந்துபோகும் முதல் கூகரின் படத்தை அல்ல. அங்கே அடுத்து பிறக்கும் குட்டிகளில் எத்தனைக்கு அப்பா வடக்கிலிருந்து வந்தவர் என்ற மரபணு அறிக்கையைத்தான். அது வர நான்கைந்து வருஷம் ஆகும், அதுவரை கேமராக்காரர்களுக்குப் பொறுமை இருக்குமா என்பது சந்தேகம்தான்.